பிளைண்ட் போருக்குள் சிக்கிய அவுட்டர் ரேஸ்: ஹவுசிங் கெடாமல் எடுக்க வழி உண்டா?

கியர்ப்பெட்டி

வணக்கம். வார்ப்பிரும்பு கியர்பாக்ஸ் ஹவுசிங் ஒன்று மேசைமேல் கிடக்கிறது. 30207 டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு உருளை வகை). ஷாஃப்ட், ரோலர், கேஜ் எல்லாம் ஒழுங்காகக் கழன்று வந்துவிட்டன. அவுட்டர் ரேஸ், அதாவது வெளிவளையம், மட்டும் உள்ளேயே நிற்கிறது. அது உட்காரும் துளையான போருக்குப் பின்னால் சுவர், அதனால்தான் பிளைண்ட் போர். ரேஸின் அடி ஷோல்டரில் (போரின் அடியில் உள்ள படியில்) முழுதாக உட்கார்ந்திருக்கிறது. ஷோல்டர் விளிம்பும் ரேஸின் உள்விளிம்பும் ஒரே மட்டம். இழுத்தெடுக்கும் புல்லரின் கால் பிடிக்க இடமே இல்லை, டேப்பரில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. எனக்கு முன்னால் யாரோ உளி வைத்து முயன்ற தடமும் ஷோல்டர் ஓரத்தில் இருக்கிறது. ரேஸ் போனால் போகட்டும். ஹவுசிங்குக்கு மாற்று கிடையாது. என்ன செய்யலாம்?

சுத்தியல்சாமி

பெரிய சுத்தியல்.

பழைய ஃபிட்டர்

சாமி, நீங்கள் சும்மா இருங்கள்.

தம்பி, எதையும் தொடுவதற்கு முன் போரை டீசல் விட்டுக் கழுவி, வயர் பிரஷ் போட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று விஷயம் தேட வேண்டும். ரேஸுக்கு முன்னால் சர்க்ளிப் (காடியில் மாட்டும் தடுப்பு வளையம்) இருக்கிறதா? அழுக்கும் கிரீஸும் இறுகி அந்தக் காடியை மூடியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. சர்க்ளிப் கிடக்க அதை மறந்து பிரஸ்ஸில் கொடுத்து ஹவுசிங் காது உடைந்த வேலைகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, ஷோல்டரில் எதிரெதிராக இரண்டு வெட்டு. வடிவமைத்தவர் புத்திசாலியாக இருந்தால் உளி நுழைய அதை விட்டிருப்பார். பெயின்ட்டோ பழைய சீலன்ட்டோ அதை அடைத்திருக்கும். கடைசியாக, பின்சுவரில் மரை போட்ட துளை. சில ஹவுசிங்கில் ரேஸுக்கு நேர் பின்னால் இரண்டு மூன்று துளை போட்டு, ஸ்க்ரூவால் அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு நீளமான போல்ட்டை மாற்றி மாற்றிக் கால் சுற்று முறுக்கினால் ரேஸ் தானாக வெளியே வரும்.

கியர்ப்பெட்டி

பார்த்துவிட்டேன் அண்ணே. சர்க்ளிப் இல்லை, வெட்டும் இல்லை. அடிப்பக்கம் எண்ணெய் திரும்பும் துளை ஒன்று மட்டும் இருக்கிறது. அது வழியாக 6 மி.மீ. பஞ்ச் நுழையும், ரேஸின் முதுகில் நேராகப் போய் முட்டும்.

பழைய ஃபிட்டர்

ஒரே இடத்தில் தட்டினால் ரேஸ் சாயும். சாய்ந்தால் எதிர்ப்பக்கம் போர் சுவரைக் கடிக்கும், அப்புறம் ஒவ்வொரு அடியும் இன்னும் இறுக்கத்தான் செய்யும். வார்ப்பிரும்பு வேறு, கீறல் விழுந்துவிடும். அந்தத் துளையைக் கடைசியில் தள்ளிவிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் தளர்ந்த பிறகு.

எண்ணெய்க்கை

அசிட்டோனும் கியர் ஆயிலும் கலந்து ராத்திரி முழுக்க ஊற விட்டால்?

பழைய ஃபிட்டர்

கியர் ஆயில் இல்லை, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிடைத்தான் அசிட்டோனோடு கலப்பார்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு நல்லது. துருவே இல்லாமல், டைட் ஃபிட்டில் உட்கார்ந்த ரேஸுக்கு அது போகவே இடம் கிடையாது. ஊற விடுவதில் நஷ்டமில்லை, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அந்த இடத்தில் பிறகு தீயோ வெல்டிங்கோ வரப்போகிறது என்றால் அசிட்டோனை வேலைமேசைக்கே கொண்டுவராதீர்கள்.

மைக்ரான்

சூடு பண்ணினால் வந்துவிடும் என்று யாராவது சொல்வதற்குள் ஒரு கணக்கு.

பேரிங் ஸ்டீல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் விரியும். அலுமினியம் 23. வார்ப்பிரும்பு ஏறக்குறைய 11. 30207-இன் வெளிவிட்டம் 72 மி.மீ. ஹவுசிங் அலுமினியமாக இருந்து, மொத்தத்தையும் அவனில் (சூட்டடுப்பில்) வைத்து 100 டிகிரி ஏற்றினால், போர் ரேஸை விட 0.08 மி.மீ. கூடுதலாக விரியும். கவிழ்த்துப் பிடித்து மரக்கட்டையில் ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும்.

இங்கே வார்ப்பிரும்பு. இரண்டையும் சேர்த்து 100 டிகிரி ஏற்றினால் ரேஸ்தான் ஒரு 7 மைக்ரான் அதிகம் விரியும். அதாவது பிடி கொஞ்சம் கூடும். அவனில் வைப்பது இந்த வேலைக்கு வீண்.

வேண்டியது வெப்ப வித்தியாசம். ஹவுசிங் ரேஸை விட 80 டிகிரி சூடாக இருந்தால் 0.063 மி.மீ. கிடைக்கும். இறுக்கமான பி7 ஃபிட்டிலேயே (போரை ரேஸை விடச் சின்னதாகக் கடையும் ஓர் அளவு) அதிகபட்சப் பிடிப்பு 0.051 மி.மீ.தான், ஆக கணக்குப்படி கழன்றாக வேண்டும். ஆனால் ரேஸ் போரை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் வெளியே கேஸ் டார்ச் பிடிக்கிற நேரத்தில் சூடு அதற்கும் போய்விடும். அதனால் வெளியே வேகமாகச் சூடு, உள்ளே உலர்பனி. உலர்பனி மைனஸ் 78 டிகிரி. கிடைத்தால் முயன்று பாருங்கள்.

கியர்ப்பெட்டி

உலர்பனிக்கு இங்கே வழியில்லை. தவிர, ஹவுசிங்கின் ஒரு பக்கம் தடித்த விலா, மறுபக்கம் மெல்லிய சுவர். டார்ச் பிடிக்கப் பயமாக இருக்கிறது.

தீப்பொறி

இவ்வளவு கணக்கு எதற்கு? உள்ளே ஒரு சுற்று வெல்டிங் போடுங்கள், தானாக வரும்.

ரோலர் ஓடும் முகத்தின் நடுவில் ஒரு பீட் (வெல்டிங் வரி), முழு வட்டமாக. 2.5 மி.மீ. ராடு போதும், சாதாரண 6013 ரகம் கையில் இருந்தால் அதுவே. இணைப்பு வலுவாக இருக்க வேண்டும் என்ற கவலை இங்கே இல்லை. எக்ஸ்ரேக்குப் போகிற வெல்டிங் இல்லையே. ரேஸின் இரண்டு விளிம்பிலிருந்தும் தள்ளியே இருங்கள். 30207-இல் ரேஸின் அகலம் 15 மி.மீ., அதனால் நடுவில் தாராளமாக இடம் உண்டு. வெல்டிங் ஹவுசிங்கைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது, ரேஸை ஹவுசிங்கோடு ஒட்டிவிட்டீர்கள். முடித்ததும் கையை எடுத்துவிட்டு ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எண்ணெய்க்கை

வெல்டிங் போட்டால் சூட்டில் ரேஸ் விரியாதா? இன்னும் இறுகத்தானே வேண்டும்?

மைக்ரான்

நல்ல கேள்வி. சூட்டில் விரியத்தான் பார்க்கும். சுற்றிலும் ஹவுசிங் அடைத்து நிற்பதால் வெளியே போக முடியாது. அந்தச் சூட்டில் எஃகு இளகியிருக்கிறது, ஆகவே விரிய வேண்டிய உலோகம் தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கிறது. ஆறும்போது சுருங்குவதை யாரும் தடுப்பதில்லை. நசுங்கிய அளவிலிருந்து சுருக்கம் தொடங்குவதால் வட்டம் பழைய அளவை விடச் சின்னதாகி நிற்கும். உருகிய பீட் உறையும்போது உள்ளே இழுப்பது தனி. இரண்டும் சேர்ந்தால் பத்தில் ஒன்றிரண்டு மி.மீ. வரும். பிடிப்பே அதிகபட்சம் 0.05 தானே.

இன்னொன்று, இது ஹவுசிங் என்ன உலோகம் என்று பார்ப்பதில்லை. என் கணக்கில் வார்ப்பிரும்புக்கு இருந்த சிக்கல் இதற்கு இல்லை.

கடைசல்காரர்

வெல்டிங் வேலை செய்யும், மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அதையே மருந்தாகச் சொல்லாதீர்கள். மெல்லிய அலுமினிய மூடிக்குள் இருக்கும் ரேஸில் வெல்டிங் போட்டு, ரேஸ் கழன்றது, மூடி முட்டை வடிவமாகிவிட்டது. அப்படி ஒன்று என்னிடம் கடைசலுக்கு வந்தது. அலுமினியத்துக்குத்தான் அவன் இருக்கிறதே.

என் வழி வேறு. ஹவுசிங்கை போரிங் மெஷினில் கட்ட முடியுமானால் போருக்கு டயல் வைத்து சென்டர் பிடித்து, சிபிஎன் (க்யூபிக் போரான் நைட்ரைடு) இன்சர்ட் போட்டு ரேஸைக் கடைந்துவிடுவேன். பேரிங் ஸ்டீலின் கடினம் 60 ராக்வெல் சி பக்கம் இருக்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் டூல், டிரில் எல்லாம் மேலே வழுக்கும். சிபிஎன் வெட்டும். சுவர் கால் மி.மீ. கனத்துக்கு வந்ததும் ரேஸுக்குப் பிடி விட்டுப்போகும், ஓரத்தில் நெம்பினால் சுருண்டு வரும். ஹவுசிங்குக்குச் சூடும் இல்லை, அடியும் இல்லை.

தீப்பொறி

நீங்கள் ஹவுசிங்கை மெஷினில் கட்டி, டயல் வைத்து முடிக்கிற நேரத்துக்குள் என் ரேஸ் ஆறிக் குப்பைத் தொட்டிக்கே போயிருக்கும்.

கடைசல்காரர்

உங்கள் ரேஸ் போயிருக்கும். போர் வட்டமாக இருக்கிறதா என்று பார்க்க அப்புறம் என்னிடம்தானே வருவீர்கள்?

பழைய ஃபிட்டர்

இரண்டு பேரும் சரிதான். இது அலுமினியம் இல்லை, வார்ப்பிரும்பு, ரேஸ் ஸ்க்ராப், பின்னால் வழி இல்லை. வெல்டிங்தான். மெல்லிய சுவர் இருக்கிற பக்கம் ஒரே மூச்சில் ஓட்டாமல், எதிரெதிர்க் கால் வட்டங்களாகப் போடச் சொல்லுங்கள்.

தீப்பொறி

கால் கால் வட்டமாகப் போடலாம். நான்கையும் கடைசியில் ஒன்றோடொன்று சேர்த்துவிட வேண்டும், இடைவெளி விட்டால் அந்த இடம் சுருங்காது.

ஷிஃப்ட் இன்சார்ஜ்

வெல்டிங் முடிவு என்றால் ராடைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த வேலையில் ஆளையே மேலே அனுப்பி வைக்கிற இரண்டு சங்கதிகளைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

போரைக் கழுவ பிரேக் கிளீனர் அடிப்பவர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால், வெல்டிங் ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதா ஒளியிலும் அதன் ஆவி ஃபாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. மூச்சில் போன உடனே பெரிதாக ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டீசலில் கழுவித் துடைத்து நன்றாக உலர விடுங்கள், போதும்.

இரண்டாவது, ஆயில் சீல். போருக்குப் பக்கத்தில் ஃப்ளோரோ ரப்பர் சீல் இருந்தால் முன்பே பிடுங்கிவிடுங்கள். 300 டிகிரிக்கு மேல் அது சிதையும்போது ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும், ஈரம் பட்டால் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருக்கும், கறுப்பிலும் வரும், ஆகவே நிறத்தை நம்ப வேண்டாம். ஏற்கெனவே கருகிப் பிசுபிசுப்பாக இருக்கிற சீலை வெறும் கையால் தொடவே கூடாது.

மோட்டார் வைண்டர்

எர்த் கிளாம்ப்பையும் சொல்லுங்கள் சார்.

ஷிஃப்ட் இன்சார்ஜ்

ஆமாம். கியர்பாக்ஸில் வேறு ஷாஃப்ட் பேரிங்கோடு உள்ளேயே இருந்தால், ராடுக்கும் எர்த்துக்கும் நடுவில் கரன்ட் போகிற வழியில் அந்த பேரிங் வரக்கூடாது. ரோலருக்கும் ரேஸுக்கும் நடுவில் பொறி பறந்தால் குண்டூசி முனை அளவில் குழி விழும், அந்த பேரிங் சீக்கிரமே கத்த ஆரம்பிக்கும். இதே போரின் ஃபிளேஞ்ச் முகத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, எர்த்தை அங்கேயே போடுங்கள். மேசையில் போட்டுவிட்டு ‘எப்படியோ சேர்ந்துவிடும்’ என்று விடக்கூடாது. வெல்டிங் பொறி தெறிக்காமல் போரின் மேல் பகுதியை ஈரத் துணியோ தகரமோ வைத்து மூடுங்கள். கடைந்த முகத்தில் ஒட்டிய பொறியைப் பிறகு உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டியிருக்கும்.

கியர்ப்பெட்டி

வந்துவிட்டது!

மற்ற ஷாஃப்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, சீலைப் பிடுங்கி, எர்த்தை ஃபிளேஞ்சில் போட்டோம். நான்கு கால் வட்டம், எதிரெதிராக. தீப்பொறி அண்ணன் சொன்ன மாதிரி கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டோம். போட்டு முடித்தபோது ஒரு மாற்றமும் தெரியவில்லை. பீட் சிவப்பு மங்கிக் கறுத்து, ஸ்லாக் (பீட்மேல் படியும் கசடு) தானாக வெடித்து உதிரத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் ரேஸுக்கும் போருக்கும் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு, முழு வட்டத்துக்கும். கை வைக்கிற சூட்டுக்கு வந்ததும் இடுக்கியால் பிடித்தேன், ரேஸ் போருக்குள் சுற்றியது. எண்ணெய்த் துளை வழியாக பஞ்சை வைத்து லேசாகத் தள்ளினேன், எழும்பி வந்துவிட்டது.

ஆறிய பிறகு மைக்ரோமீட்டர் வைத்தேன். ஓரிடத்தில் 71.8, அதற்குக் குறுக்கே 71.9-க்குக் கொஞ்சம் மேல். எல்லோருக்கும் நன்றி. சாமிக்கும்.

சுத்தியல்சாமி

பஞ்சைத் தள்ள எதைப் பயன்படுத்தினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

மோட்டார் வைண்டர்

இழையை நான் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாமா? எனக்கு இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மோட்டார் ஷாஃப்டில் இன்னர் ரேஸ் இரண்டு. ஒன்று பால் பேரிங்குடையது, உடைந்துபோனது. குண்டும் அவுட்டரும் போய் உள்வளையம் மட்டும் ஷாஃப்டில், ஷோல்டரோடு ஒட்டி நிற்கிறது. மறுமுனையில் என்யூ வகை (இன்னர் ரேஸ் தனியாகப் பிரியும்) சிலிண்டர் ரோலர் பேரிங்கின் இன்னர் ரேஸ், நல்ல நிலையில் இருக்கிறது. அதை எடுத்துத் திரும்பப் போட வேண்டும்.

பழைய ஃபிட்டர்

ஸ்க்ராப் ரேஸுக்கு வெல்டிங் வேண்டாம். சுருங்கினால் ஷாஃப்டைத்தானே இறுக்கும்! இதே இழையைப் பாதி படித்துவிட்டு யாராவது ஷாஃப்டில் வெல்டிங் போட்டுவிடப் போகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

மெல்லிய கட்டிங் டிஸ்க் போட்ட கிரைண்டரால் ரேஸின்மேல் ஷாஃப்ட் நீளவாக்கில் ஒரு வெட்டு. முழுதாக வெட்டக்கூடாது, அரை மி.மீ. கனம் மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். எப்படித் தெரியும் என்றால், வெட்டின் அடியில் உலோகம் மெலிந்ததும் சூடு போக வழியில்லாமல் திடீரென்று நீலம் பாயும். அங்கே நிறுத்திவிட்டு, வெட்டுக்குள் உளியை வைத்து ஒரே அடி. கெட்டிப்படுத்திய எஃகு வளையாது, டக்கென்று பிளந்துவிடும். அந்த நொடியே பிடிப்பு போய்விடும், கையால் உருவலாம். அடிக்கும்போது மேலே கனத்த துணி போர்த்துங்கள், கண்ணாடியோடு முகக்கவசமும் போடுங்கள். தெறிக்கிற சில்லு சதைக்குள் போனால் தேடி எடுப்பது பெரும்பாடு. ரேஸ்மேல் நேரடியாகச் சுத்தியல் படவே கூடாது, இரண்டுமே கெட்டி எஃகு.

மைக்ரான்

என்யூ ரேஸுக்கு இண்டக்‌ஷன் ஹீட்டர் இருந்தால் அதுதான் சுலபம், முடிந்ததும் காந்தத்தன்மையை நீக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அலுமினிய வளையம். ரேஸின் வெளிவிட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி கனமான அலுமினியத்தில் கடைந்து, ஒரு பக்கம் பிளந்து, இரண்டு கைப்பிடி வைத்தது. அதை ஹாட்பிளேட்டில் 280 டிகிரி வரை ஏற்றி, ரேஸ்மேல் கெட்டியான எண்ணெய் தடவி, வளையத்தை மாட்டிக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அலுமினியத்தின் சூடு ரேஸுக்கு வேகமாக இறங்கும், ஷாஃப்டுக்குப் போவதற்குள் ரேஸ் தளர்ந்துவிடும். தளர்ந்ததும் வளையத்தோடு சேர்த்து உருவிவிடுங்கள், அங்கேயே விட்டு வைத்தால் ஷாஃப்டும் சூடேறித் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

திரும்பப் போடுகிற பேரிங்கை 120 டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது என்பார்கள், சரிதான். வளையம் 280-இல் இருந்தாலும் ரேஸ் அந்த அளவுக்குப் போவதற்கு முன்பே கழன்றுவிடும். அதிக நேரம் பிடித்துக்கொண்டு நின்றால்தான் கெடும். டார்ச்சை மட்டும் நேராகப் பிடிக்காதீர்கள். ஓரிடத்தில் நீலம் ஏறினால் அந்த இடத்தில் கெட்டித்தன்மை போய்விட்டது என்று பொருள்.

மோட்டார் வைண்டர்

அலுமினியக் கட்டி ஒன்று கிடக்கிறது, கடைந்துகொள்கிறேன். நன்றி சார்.

கடைசல்காரர்

கியர்ப்பெட்டி தம்பி, ரேஸ் வந்த சந்தோஷத்தில் போரை அளக்காமல் விட்டுவிடாதீர்கள். என்ன நிறத்தில் இருக்கிறது?

கியர்ப்பெட்டி

சாம்பல் நிறம், ஒரு பக்கம் மட்டும் செம்பழுப்புத் திட்டு. தடவினால் பொடியாக விரலில் ஒட்டுகிறது. போர் கேஜில் பெரும்பாலும் 71.98, திட்டு இருக்கிற இடத்தில் 71.99. வெல்டிங்கால் நீள்வட்டமாகவில்லை.

கடைசல்காரர்

அந்தப் பொடி, தண்ணீர் பட்டு வந்த துரு இல்லை. லோடு வரும் பக்கத்தில் ரேஸ் மைக்ரான் கணக்கில் அசைந்து, போரோடு உரசி, அந்தத் தூள் ஆக்சைடாகி இடுக்கில் இறுகியிருக்கிறது. எடுக்கும்போது அவ்வளவு முரண்டு பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 72 போருக்கு என்7 ஃபிட் என்றால் 71.961 முதல் 71.991 வரை. நீங்கள் மேல் எல்லையில் நிற்கிறீர்கள், இன்னும் எல்லைக்குள்தான். போருக்குள் ஸ்லீவ் (உறை வளையம்) போட வேண்டியதில்லை. எமரி போட்டு அழகு பார்க்காதீர்கள், மிச்சமிருக்கிற மைக்ரானும் போய்விடும். நைலான் பேட் வைத்துப் பொடியை மட்டும் எடுங்கள்.

ஷோல்டரில் உளித்தடம் என்றீர்களே, அதன் ஓரம் பிசிராக எழும்பி நிற்கும். எண்ணெய்க்கல் வைத்து எழும்பியதை மட்டும் தேய்த்துவிடுங்கள். பள்ளம் அப்படியே இருக்கட்டும். பிசிர் மேல் ரேஸ் உட்கார்ந்தால் சாய்ந்து நிற்கும், ரோலர் ஒரு ஓரத்தில் மட்டும் சுமக்கும். ஷோல்டரில் நீல மை தடவி, ரேஸின் முதுகை வைத்து லேசாகச் சுற்றி எடுத்தால் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும். இதற்குப் பழைய ரேஸை எடுக்காதீர்கள், அது கோணிப்போயிருக்கும்.

மைக்ரான்

புது ரேஸை ஃப்ரீஸரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரிக்குப் போனால், 30 டிகிரி அறையோடு ஒப்பிட 0.04 மி.மீ. சுருங்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றி வையுங்கள், இல்லையென்றால் வெளியே எடுத்ததும் ஈரம் படியும். போருக்கு லேசாக எண்ணெய் தடவிவிட்டு, பையிலிருந்து எடுத்த கையோடு போட்டுவிட வேண்டும்.

கியர்ப்பெட்டி

அடித்து இறக்கப் பழைய ரேஸையே மேலே வைத்துத் தட்டலாமா? இப்போதுதான் போருக்குள் லூஸாகப் போகிறதே.

பழைய ஃபிட்டர்

வெல்டிங் போட்டது வேண்டாம். முகம் சமமாக இல்லை, பீட் பக்கத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஸ்க்ராப் பெட்டியில் வேறு 30207 ரேஸ் கிடந்தால் எடுத்து வெளிவிட்டத்தைக் கொஞ்சம் கிரைண்ட் பண்ணி, ஒரு இடத்தில் டிஸ்க் போட்டு முழுதாகப் பிளந்துவிடுங்கள். பிளந்திருந்தால் போருக்குள் மாட்டாது. அதன்மேல் கனமான தட்டை வைத்து பிரஸ்ஸில் கொடுப்பது நல்லது, பிரஸ் இல்லையென்றால் தட்டின் நடுவில் தட்டுங்கள். ரேஸ் ஷோல்டரில் உட்கார்ந்ததும் சத்தம் மாறும், மந்தமான சத்தம் போய் கணீரென்று கேட்கும். அப்புறம் 0.03 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகட்டை) எண்ணெய்த் துளை வழியாக ரேஸுக்கும் ஷோல்டருக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள், போகக்கூடாது.

கியர்ப்பெட்டி

போகவில்லை அண்ணே. ஷிம் (மெல்லிய தகடு) வைத்து எண்ட் பிளே (ஷாஃப்டின் முன்பின் அசைவு) பார்க்கத் தொடங்கிவிட்டேன். அதற்குத் தனி இழை போடுகிறேன்.